விழுப்புரத்தில் ஒரு ரோமாபுரிக் காலை

ரோமில் நான் குடியிருக்கும் தெருவில் சாக்கடை மூடியின்மீது நான்கு எழுத்துகள் வார்த்திருக்கிறார்கள். அதே நான்கு எழுத்துகள் தெருக்குழாயிலும் இருக்கும். ‘ரோமாபுரிச் செனட்டும் மக்களும்’ என்பதன் சுருக்கம் அது. இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்னால் படைகள் கொடியில் தூக்கிக்கொண்டு போன எழுத்தை இன்றைக்குச் சாக்கடை மூடியில் மிதித்துக்கொண்டு மீன் வாங்கப் போகிறேன். வந்த புதிதில் கீழ்வீட்டுக்காரரிடம், “அந்தச் செனட் இன்னும் இருக்கிறதா?” என்று என் அரைகுறை இத்தாலிய மொழியில் கேட்டேன். “இருக்காமல் என்ன?” என்றவர், எந்தப் பேருந்து, எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். இன்றைய நாடாளுமன்றத்தின் மேலவைக்கும் செனட் என்றுதான் பெயர். நான் கேட்டதோ துணியைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தக் காலத்துக் கிழவர்களைப் பற்றி. அவர் என்னை ஏதோ மனு கொடுக்கப் போகிறவன் என்று நினைத்துவிட்டார். “சாயங்காலம் போகாதே, ஒருவரும் இருக்கமாட்டார்கள்” என்று படிக்கட்டு வரைக்கும் வந்து எச்சரித்தார்.

இந்த ஊருக்கு நான் தட்டுக் கழுவ வந்தவன். விக்கிரவாண்டியில் பிறந்து, திண்டிவனத்தில் பட்டம் வாங்கி, அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் விமானம் ஏறியவன். இப்போது தமிழ்நாட்டிலிருந்து வரும் சுற்றுலாக் குழுக்களோடு போகிறேன். உரிமம் உள்ள இத்தாலிய வழிகாட்டி முன்னால் நின்று சொல்வார். நான் பின்னால் நின்று தமிழில் சொல்வேன். பிழைப்புக்காகப் பழைய ரோமர்களைப் பற்றிப் படித்துப் படித்து, சொந்தச் சித்தப்பா பெரியப்பாவைவிட அவர்களைப் பற்றி அதிகம் தெரிந்துவைத்திருக்கிறேன். பெரிய அரங்கத்துக்குள் நுழைந்து, இங்கேதான் மனிதனை மனிதன் வெட்டிச் சாய்ப்பதை ஊரே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது என்று சொன்னால், குழுவில் எல்லோரும் ‘உச்’சுக் கொட்டுவார்கள். “மனுஷனுங்களா இவனுங்க?” என்று யாராவது கேட்பார்கள். கேட்டவரே அடுத்த நிமிடம், “மத்தியானம் தயிர்சாதம் கிடைக்குமா?” என்பார்.

ஒரே ஒரு சங்கதியைச் சொன்னால் மட்டும் ஒருவர்கூட வியக்கமாட்டார்கள். ரோமாபுரியில் விடிந்ததும் எளிய மக்கள் தம் புரவலரின் வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். உள்ளே கூப்பிட்டால் முன்கூடத்தில் நின்று காலை வணக்கம் சொல்ல வேண்டும். பதிலுக்கு ஒரு சின்னக் கூடையில் சாப்பாடோ கொஞ்சம் சில்லறையோ கிடைக்கும். புரவலர் தெருவில் இறங்கினால் பின்னாலேயே நடக்க வேண்டும். வந்தவன் பெயர் மறந்துபோனால் சொல்வதற்கென்றே ஓர் அடிமை அவர் காதருகில் நிற்பான். இதை நான் குரலை ஏற்றி இறக்கி, நாடகம் மாதிரி சொல்வேன். இத்தாலிய வழிகாட்டி இதையே வெள்ளைக்காரர்களுக்குச் சொன்னால் அவர்கள் வாயைப் பிளப்பார்கள். நம் ஆட்கள் தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டிருப்பார்கள். ஒருமுறை செஞ்சிப் பக்கத்துக்காரர் ஒருவர் நேரடியாகவே கேட்டுவிட்டார்: “இதுல இன்னாங்க அதிசயம்? நேத்து வரைக்கும் நானே நின்னுட்டுத்தான வர்றேன்.” எனக்கு எரிச்சலாக இருந்தது. என் சரக்கிலேயே நல்ல சரக்கு அது.

இந்த வருடம் அக்கா மகள் வெண்ணிலாவுக்குக் கல்யாணம் முடிவானது. அஞ்சலை அக்கா போனில், “தாய்மாமன் நீ வராம பொண்ண எப்படிடா மணையில உக்கார வைக்கிறது?” என்றாள். மனைவிக்கு விடுப்பு கிடைக்கவில்லை. நான் மட்டும் கிளம்பினேன். மாப்பிள்ளை பிரபு திருவக்கரைப் பக்கம், புதுச்சேரியில் வேலை. வெண்ணிலா விழுப்புரத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். இரு வீட்டாருக்கும் பொதுவாகத் திண்டிவனத்தில் மண்டபம் பிடித்திருந்தார்கள்.

சென்னையிலிருந்து வந்து திண்டிவனத்தில் பேருந்தைவிட்டு இறங்கியதுமே கல்யாணப் பிளெக்ஸ் என்னைப் பார்த்துக் கும்பிட்டது. கும்பிட்டவர் மாப்பிள்ளையும் இல்லை, பெண்ணும் இல்லை. எங்கள் பக்கத்தில் செல்வாக்குள்ள ஒருவர். பெயர் வேண்டாம், ஊரே தலைவர் என்றுதான் சொல்லும், நானும் அப்படியே சொல்கிறேன். பிளெக்ஸின் முக்கால்வாசியில் அவர் முகம்தான். கீழ் மூலையில் எலுமிச்சம்பழ அளவில் இரண்டு முகங்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்துத்தான் ஒன்று எங்கள் வெண்ணிலா என்று கண்டுபிடித்தேன். வரவேற்பவர்கள் வரிசையில் ‘இத்தாலி தொழிலதிபர் சேகர்’ என்று என் பெயர்.

அழைத்துப்போக வந்திருந்த அக்கா வீட்டுக்காரர் ஏழுமலை மாமாவிடம், “நான் எப்ப மாமா தொழிலதிபர் ஆனேன்?” என்று கேட்டேன்.

“பிளெக்ஸ் கடைக்காரன் போட்டுட்டான் மச்சான். ஏன், நீ அங்க தொழில் பண்றியா இல்லியா?”

“கல்யாணம் வெண்ணிலாவுக்கா, அவருக்கா?”

மாமா என் பெட்டியை வண்டியில் வைத்தார்.

ரோமர்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஆட்சி மாறினால் பல நேரம் பழைய மன்னனின் சிலையை உடைக்கமாட்டார்கள். கல்லுக்கும் கூலிக்கும் கேடு. உடம்பை அப்படியே விட்டு, முகத்தை மட்டும் செதுக்கிப் புதியவன் முகமாக்கிவிடுவார்கள். அப்படி முகம் மாற்றிய சிலைகளைக் குழுக்களுக்குக் காட்டியிருக்கிறேன். உடம்புக்குத் தலை சிறுத்திருக்கும். திண்டிவனத்தில் அந்தச் சிரமம்கூட இல்லை. பிளெக்ஸ் கடையில் கும்பிடும் கையும் வெள்ளைச் சட்டையும் தயாராக இருக்கின்றன. தலைக்குத்தான் ஆர்டர். இதை மாமாவிடம் விளக்கிக்கொண்டே போனேன். அவர் நடுவில் வண்டியை நிறுத்தி ஒரு லாரியின் பின்சக்கரத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். “காத்து கம்மி” என்றார். மாமாவுக்கு விக்கிரவாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் டயர் கடை. லாரிச் சக்கரங்களுக்குப் பஞ்சர் ஒட்டுவது, காற்று நிரப்புவது. கடை நிற்கிற இடம் பொறம்போக்கு. பட்டா கிடையாது. இத்தனை வருடம் அதை யாரும் அசைக்காமல் இருப்பது தலைவரின் ஒரு வார்த்தையால்தான் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மறுநாள் காலை தலைவரை நேரில் அழைக்க விழுப்புரத்தில் இருக்கும் அவர் வீட்டுக்கு என்னையும் கூட்டிப்போனார் மாமா. போய் நின்றதும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பொழுது இன்னும் நன்றாக விடியவில்லை, வாசலில் அதற்குள் கூட்டம். கேட்டுக்கு வெளியே நிற்கிறவர்கள், கேட்டுக்கு உள்ளே வேப்பமரத்தடியில் நிற்கிறவர்கள், அதற்கும் உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரும் உரிமை பெற்றவர்கள், முன்கூடம் வரை போகக்கூடியவர்கள் என்று வரிசை வரிசையாய்ப் பிரிந்திருந்தார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஒவ்வொருவருக்கும் தன் இடம் தெரிந்திருந்தது. எல்லோரும் வெள்ளை வேட்டி. பழைய ரோமர்களும் இதற்கென்று வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டுதான் போவார்கள். அதைத் துவைத்து மாளவில்லை என்று அந்தக் காலத்துக் கவிஞர்கள் புலம்பி எழுதியிருக்கிறார்கள். மாமா முந்தின நாள் மாலையே வேட்டியை இஸ்திரிக்குக் கொடுத்து வாங்கியிருந்தார்.

தலைவர் வெளியே வந்தார். அவர் தோளுக்குப் பின்னால் மணி என்று ஒருவர். ஒவ்வொருவரும் முன்னால் வரும்போது மணி காதில் ஏதோ சொல்வார், உடனே தலைவர், “வாப்பா, பையன் எப்படி இருக்கான்?” என்று உரிமையோடு கேட்பார். கேட்கப்பட்டவர் முகம் மலர்ந்துவிடும். நான் ரோமில் வாய் வலிக்கச் சொல்கிற காதோரத்து அடிமை, விழுப்புரத்தில் சட்டைப்பையில் இரண்டு போன்களோடு நின்றுகொண்டிருந்தார். எங்கள் முறை வந்தது. மணி குனிந்தார்.

“ஏழுமலை! பொண்ணுக்குக் கல்யாணமா? வந்து தாலி எடுத்துக் குடுக்கறேன், போ.” பிறகு என்னைப் பார்த்து, “தம்பி ரோம்லயா? போப்பாண்டவரப் பாத்துருக்கியா?”

“தூரத்துலேர்ந்து பாத்திருக்கேங்க.”

“கிட்டப் போயிப் பாக்கணும். யாரையாவது புடிச்சா வுடுவாங்க” என்றார் தலைவர், உண்மையான அக்கறையோடு.

திரும்பும் வழியில் தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். அடக்கிவைத்ததெல்லாம் எனக்கு வெளியே வந்துவிட்டது. இந்த வரிசையில் நின்றுதான் ஒரு தேசமே பாழாய்ப் போனது, சட்டம் என்று ஒன்றை எழுதிவைத்த அதே ஆட்கள் காலையில் எழுந்து கைகட்டி நின்றார்கள், நம் பெண் கல்யாணத்துக்கு நம் வீட்டு ஆள் தாலி எடுத்துக் கொடுக்க முடியாதா என்று என்னென்னவோ பேசினேன். பக்கத்து பெஞ்சு லாரி டிரைவர்கள் என்னைப் பார்க்க ஆரம்பித்தார்கள். மாமா டம்ளரைக் கீழே வைத்தார்.

“மச்சான், அங்க உனுக்கு இந்த வேல எப்படிக் கெடச்சுது?”

நான் மழுப்பினேன். அவர் விடவில்லை. சொல்ல வேண்டியதாயிற்று. நான் தட்டுக் கழுவிய உணவகத்துக்கு ஒருவர் சாப்பிட வருவார். எல்லோரும் அவரை ‘தொத்தோரே’ என்பார்கள். அப்படியென்றால் டாக்டர் என்று நினைத்து, ஒருநாள் என் முட்டிவலியை விலாவாரியாகச் சொல்லிவிட்டேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நீ ஒரு நல்ல டாக்டரைப் பார்” என்றார். இத்தாலியில் பட்டம் வாங்கிய எவரும் தொத்தோரேதான். அவருக்குச் சுற்றுலாக் கம்பெனி இருந்தது. அன்றைய முட்டிவலிச் சிரிப்பில் ஆரம்பித்த பழக்கம், பிறகு நான் தினமும் அவர் மேஜைக்குப் போய் வணக்கம் சொல்கிற பழக்கமாகி, ஒருநாள் அவர் ஒரு வார்த்தை சொன்னார், வேலை கிடைத்தது. அதற்கு அங்கே ‘ராக்கொமாந்தாட்ஸியோனே’ என்று பெயரே இருக்கிறது.

“சிபாரிசுன்னு சொல்லு” என்றார் மாமா. “இம்மாம் நீளமா சொன்னா சிபாரிசு இல்லன்னு ஆயிடுமா?”

டிரைவர்கள் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. “ஜாக்கி வழுக்கி என் காலு ஒடைஞ்சப்ப ஆஸ்பத்திரில யாரு வந்து நின்னாங்க தெரியுமா? அவருதான். டாக்டருக்கிட்ட என் பேரச் சொல்லிப் பேசனாரு. மணி காதுல சொல்லித்தான் பேர் தெரிஞ்சிருக்கும். இருக்கட்டுமே. நீ போன் பண்ண. தப்புன்னு சொல்லல, உன்னால வர முடியாது. சட்டம் கிட்டம்னு பேசிட்டு நீ பிளேன் ஏறிடுவ. நான் காலைல கடை தெறக்கணும் மச்சான்.”

எழுந்து போய்த் தேநீருக்குக் காசு கொடுத்தேன். எரிச்சல் மட்டும் அப்படியே இருந்தது. அதில் பாதி இப்போது என்மேலேயே.

கல்யாணத்தன்று அதிகாலையிலேயே மண்டபம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் வெல்வெட் சோபாக்கள் போட்டு, யாரும் உட்காராதபடி ஒருவரை நிறுத்திவைத்திருந்தார்கள். கொளுத்தும் வெயிலில் கடலைக்கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிப் பிடுங்கிக் கை காய்த்துப்போன எங்கள் பெரியம்மா அந்தச் சோபா ஓரத்தில் தெரியாமல் உட்காரப் போக, அவரை எழுப்பிப் பின்னால் அனுப்பினார்கள். சாப்பாட்டிலும் இரண்டு பந்தி: தலைவரோடு வருகிறவர்களுக்குக் குளிர்சாதன அறையில் தனியாக, மற்றவர்களுக்குக் கீழே. ரோமாபுரி விருந்திலும் ஒரே கூடத்தில் புரவலனுக்கு ஒரு மது, அண்டி வந்தவனுக்கு வேறு மது. இதைச் சொல்ல எனக்கு ஆள் கிடைக்கவில்லை. பட்டுச்சட்டையில் வியர்த்துக்கொண்டு வாசலுக்கும் மேடைக்கும் நடந்தேன்.

மாப்பிள்ளையும் பெண்ணும் மணையில் உட்கார்ந்தாயிற்று. தாலி தட்டில் வைத்து எல்லோரிடமும் ஆசி வாங்கிக்கொண்டு திரும்பி வந்தது. தலைவர் வரவில்லை. நாதஸ்வரக்காரர் வாசித்ததையே திரும்ப வாசித்தார். மாமா போனும் கையுமாக வாசலில் நின்றார். “ஒரு துக்கத்துக்குப் போயிருக்காராம். கெளம்பிட்டாராம். விக்கிரவாண்டி தாண்டி வந்துக்கினு இருக்காராம்” என்று ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று சொன்னார். ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். “முகூர்த்தம் முடியப் போறது. அப்புறம் ராகுகாலம். நான் சொல்லிட்டேன்” என்றார். சம்பந்தி, அதாவது பிரபுவின் அப்பா, அதுவரை மரியாதையாகப் பொறுத்திருந்தவர், மேடையை விட்டு இறங்கி வந்தார்.

“இன்னாங்க இது பேஜாரா இருக்குது? நேரம் தப்பிக் கட்டனா எங்க வீட்ல ஒத்துக்கமாட்டாங்க. ஒருத்தருக்காக எம் புள்ள தாலிய எதிர்ல வெச்சிக்கினு உக்காந்திருக்கணுமா?”

“இதோ வந்துடுவாருங்க” என்றார் மாமா. அவர் உதடு காய்ந்திருந்தது.

நான் மாமாவைத் தூணுக்குப் பின்னால் இழுத்துப்போனேன். “போதும் மாமா. கட்டச் சொல்லுங்க.”

“கட்டிட்டா? அவரு வந்து நின்னு, முடிஞ்சிபோச்சான்னு கேட்டா இன்னா சொல்றது? அம்மாம் பேரு முன்னால? கடையில கை வெச்சாருன்னா நான் எங்க போவேன்?” பெண் பிறந்த நாளிலிருந்து இந்தக் காலைக்காக உழைத்த மனிதர், அந்தக் காலையிலேயே நடுங்கிக்கொண்டு நின்றார். அஞ்சலை அக்கா வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றாள். அவர் தோளிலிருந்து நழுவிய துண்டை எடுத்துப் போட்டுவிட்டாள். அந்த நேரத்தில் எனக்குத் தலைவர்மேல்கூட அவ்வளவு கோபமில்லை. இத்தனை பேர் உட்கார்ந்து இதை இயல்பாய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே என்பதுதான் பொறுக்கவில்லை.

மேடையிலிருந்து வெண்ணிலா என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள். போய்க் குனிந்தேன்.

“மாமா, அப்பாவத் திட்டாதீங்க. அவரு பயம் அவருக்கு. மணி அண்ணன் நம்பர் அப்பா போன்ல இருக்குது. போட்டு, தலைவருக்கிட்டயே குடுக்கச் சொல்லுங்க. ஸ்பீக்கர்ல போட்டு மைக்ல வெய்ங்க. அவரு போன்ல வாழ்த்தட்டும். தாலிய நீங்க எடுத்துக் குடுங்க.”

“ஒத்துக்குவாரா?”

“மைக்ல பேசச் சொன்னா எந்தத் தலைவரு வேணாம்பாரு? ஜல்தி மாமா.”

மருந்துக்கடையில் சீட்டே இல்லாமல் மாத்திரை கேட்டு வந்து சத்தம்போடுகிறவர்களைச் சமாளித்துச் சமாளித்து வந்த சாமர்த்தியமாக இருக்க வேண்டும். நான் அப்படியே செய்தேன். மணி முதலில் தயங்கினார். “மண்டபம் பூரா கேக்கும்” என்றதும் போனை மாற்றிக் கொடுத்தார். அடுத்த நொடி ஒலிபெருக்கியில் தலைவரின் குரல், காரின் ஹாரன் சத்தத்தோடு முழங்கியது. மணமக்கள் பதினாறு செல்வமும் பெற்று வாழ வேண்டும் என்றார். மாப்பிள்ளை பெயரை மட்டும் பிரகாஷ் என்றார். மண்டபம் கை தட்டியது. ஐயர் கெட்டிமேளம் என்று கத்தினார். நான் தாலியை எடுத்துப் பிரபுவின் கையில் கொடுத்தேன். மஞ்சள் கயிறு அவ்வளவு லேசாக இருக்கும் என்று நினைத்திருக்கவில்லை. அட்சதை விழுந்த சத்தத்துக்கிடையே, மாமா வியர்வை துடைப்பவர் மாதிரி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

இதோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன். கீழே இரண்டாவது பந்தி நடக்கும்போது வெளியே வெடிச் சத்தம் கேட்டது. தலைவர் வந்துவிட்டார். மேடையேறினார், மணமக்களைத் தட்டிக்கொடுத்தார், போட்டோக்காரரைப் பார்த்தார். “சரி, நான் வந்துட்டேன் இல்ல? தாலியக் கழட்டித் தட்டுல வெய்யிம்மா. நான் எடுத்துக் குடுக்கறேன், தம்பி இன்னொருவாட்டி கட்டட்டும். போட்டோவுக்குத்தான்.”

போட்டோக்காரர் விளக்கைச் சரிசெய்ய ஆரம்பித்துவிட்டார். ஐயர் எங்கோ பார்த்தார். சற்றுமுன் சண்டைக்கு வந்த சம்பந்திகூட இப்போது கைகட்டி நின்றார். பிரபு என்ன செய்வதென்று தெரியாமல் வெண்ணிலாவைப் பார்த்தான். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மாமாவின் கண்ணைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

வெண்ணிலா தாலியை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். சத்தம் போடவில்லை. “வேணாங்க ஐயா. ஒருவாட்டி கட்டனது கட்டனதுதாங்க. நீங்க மாலைய எடுத்துக் குடுங்க, நாங்க மாத்திக்கறோம்.”

தலைவர் திரும்பி மணியைப் பார்த்தார். மணி குனிந்து காதில் சொன்னார். “வெண்ணிலாவா உம் பேரு?” என்றார் தலைவர். அவள் தலையசைத்தாள். அவர் மாலையை எடுத்துக் கொடுத்தார். போட்டோ எடுத்தார்கள். சாப்பிடாமல் கிளம்பிப் போனார். குளிர்சாதன அறையில் போட்ட இலைகளெல்லாம் அப்படியே காய்ந்தன. அக்கா போய் நேராகப் பெரியம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து அதில் ஓர் இலையில் உட்காரவைத்தாள்.

மகள் புகுந்த வீடு போன மறுநாளே மாமா மறுபடியும் விழுப்புரம் போனார். நானும் கூடப் போனேன். போன தடவை நாற்காலி வரைக்கும் போன நாங்கள் அன்று வேப்பமரத்தடியோடு நிறுத்தப்பட்டோம். தலைவர் எல்லோரிடமும் பேசினார். எங்களைக் கடந்து போய்க் காரில் ஏறிக்கொண்டார். மணி எங்கள் பக்கமே திரும்பவில்லை. அடுத்த நாளும் அப்படியே. வழியில் நான் உபதேசம் செய்யவில்லை. ஆனால் கடைசியாக நான் போன காலையில் தலைவரே எங்கள் முன்னால் நின்றார். இந்தத் தடவை மணி குனியவில்லை. தலைவருக்குப் பெயர் நினைவிருந்தது.

“ஏழுமலை, உம் பொண்ணுக்கு வாய் அதிகம்.”

மாமா தலைகுனிந்து நின்றார். பிறகு, நான் கொஞ்சமும் எதிர்பார்க்காதபடி, நிமிர்ந்து பார்த்தார். “ஆமாங்க. அதுக்கு அப்படித்தாங்க. நியாயமா இருந்தா வுடாது.”

தலைவர் அவரை வெகுநேரம் பார்த்த மாதிரி எனக்குத் தோன்றியது. “போ. போயிக் கடையப் பாரு” என்றார். அது மன்னிப்பா, மிரட்டலா, அலுப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கடை இன்னும் இருக்கிறது. ஆனால் மாமா இப்போது தலைவர் வீட்டு வாசலுக்குத் தினமும் போவதில்லையாம். தீபாவளி, பொங்கலுக்கு மட்டும் என்று வைத்திருக்கிறாராம். கடை நிற்கிற பொறம்போக்கு இடத்துக்குப் பட்டா கேட்டு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கலாமா என்று வெண்ணிலா விசாரித்துக்கொண்டிருக்கிறாள். “அலைய வுடறாங்க மாமா. அலையறேன்” என்று போனில் சொன்னாள்.

ரோமுக்குத் திரும்பிய பிறகு எனக்குப் பழைய வாய்வீச்சு போய்விட்டது. காலை வணக்கக் கதையைச் சொல்லும்போது, கைகட்டி நிற்கிறவர்களைப் பார்த்து இளக்காரமாகச் சிரிக்கும் இடம் ஒன்று வரும். அங்கே வந்ததும் தடுமாறுகிறேன். விடியற்காலையில் நின்ற அந்த வெள்ளைத்துணிக்காரனுக்கும் ஒரு கடை இருந்திருக்கும், கல்யாணத்துக்கு ஒரு மகள் இருந்திருப்பாள் என்று இப்போது சேர்த்துச் சொல்கிறேன். இத்தாலிய வழிகாட்டிக்கு இது பிடிக்கவில்லை. நேரம் இழுக்கிறதாம். தொத்தோரேயைப் பார்க்கும்போதெல்லாம் என் முதுகு தானாக வளைவது எனக்கே தெரிகிறது. எரிச்சலோடு நிமிர்த்துகிறேன், அடுத்த நாள் மறுபடி வளைகிறது.

போன வாரம் பெரிய அரங்கத்தின் முன்னால் ஒரு குழுவோடு நின்றிருந்தபோது போன் அதிர்ந்தது. வெண்ணிலா கல்யாண ஆல்பத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். மேடையில் எல்லோரும் சேர்ந்து நின்ற குடும்பப் படம். ஸ்டூடியோக்காரர் எனக்கு மரியாதை செய்வதாக நினைத்து, பின்னால் இருந்த மண்டபத் திரையை வெட்டி எடுத்துவிட்டு அரங்கத்தின் படத்தை வைத்திருந்தார். அக்கா, மாமா, மாலையோடு வெண்ணிலா, பிரபு, பெரியம்மா, ஓரத்தில் நான். எங்கள் தலைக்கு மேல் ரோமாபுரியின் கல் வளைவுகள். காலடியை வெட்ட அவருக்குப் பொறுமை இல்லை போலிருக்கிறது. திண்டிவனத்து மண்டபத்தின் சிவப்புக் கம்பளமும், அதில் சிதறிய அட்சதையும், யாரோ கழற்றிப்போட்ட ஒற்றைச் செருப்பும் அப்படியே இருந்தன.

பக்கத்தில் நின்ற குழுவைச் சேர்ந்த அம்மாள் எட்டிப் பார்த்தார். படத்தைப் பார்த்தார், நிமிர்ந்து எதிரே நின்ற அரங்கத்தைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

“குடும்பத்தோட எல்லாரும் இங்க வந்திருந்தாங்களா தம்பி?”

“இல்லீங்கம்மா” என்றேன். “நான்தான் அங்க போயிருந்தேன்.”

அவருக்கு விளங்கவில்லை. படத்தில் இருந்த என் கால்களை விரலால் பெரிதாக்கி, இது எந்த ஊர்த் தரை என்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.